பூக்கடைச் சீட்டுக்கு ஒரு ஜன்னல்: டிகேஇன்டர் விட்ஜெட்டுகளின் தோற்றத்தையும் நடத்தையையும் மாற்றும் வழி

மதுரை மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் உள்ள ஒரு கமிஷன் கடையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்பே உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கங்களிலிருந்து மல்லிகையும் பிச்சியும் சம்பங்கியும் வந்து இறங்குகின்றன. எடை போட்டு விலை பேசி முடிந்ததும், கடைக் கணக்குப்பிள்ளை விவசாயியின் பெயர், பூ, எடை, விலை ஆகியவற்றைக் குறித்து, கமிஷனைக் கழித்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். அந்தச் சீட்டைப் போடுவதற்கான ஒரு சிறிய ஜன்னலைப் பைத்தான் மொழியில் எழுதுவதுதான் இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் வேலை. ஜன்னல் வரைவதற்கு, பைத்தானுடன் சேர்ந்தே வரும் டிகேஇன்டர் என்ற டூல்கிட்டை, அதாவது ஜன்னல் உறுப்புகளைத் தரும் கருவித்தொகுப்பை, பயன்படுத்துகிறோம். மாறி, செயற்கூறு, வகுப்பு ஆகியவை பைத்தானில் என்னவென்று தெரிந்த எவரும் தொடர்ந்து படிக்கலாம்.

புதிதாக எழுத வருவோர் பெரும்பாலும் நிறத்தில் தொடங்குகிறார்கள். சேமிக்கும் பொத்தானைப் பச்சையாக்க முயல்கிறார்கள். அது பச்சையாகாது, அல்லது சுட்டியை மேலே கொண்டுபோனதும் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். இதில் டூல்கிட்டின் குற்றம் எதுவும் இல்லை. ஒரு விட்ஜெட்டின் (பொத்தான், பெட்டி போன்ற ஜன்னல் உறுப்பின்) ஒவ்வொரு பண்பையும் வெவ்வேறு தரப்பு தீர்மானிக்கிறது: சிலவற்றை இயங்குதளமும், சிலவற்றைத் தீமும் (ஜன்னல் முழுவதற்குமான தோற்றத் தொகுப்பு), சிலவற்றை ஸ்டைலும் (ஒரு வகை விட்ஜெட்டின் தோற்ற விதிகள்), சிலவற்றை அந்த விட்ஜெட்டே நேரடியாகவும் வைத்துக்கொண்டிருக்கின்றன. மாற்ற விரும்பும் பண்பு யார் பொறுப்பில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால், மீதி வேலை ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்விக்கான விடைதான்.

கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். நீங்களாகச் சூட்டும் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம், ஏனெனில் பைத்தான் 3 தமிழ் எழுத்தில் அமைந்த மாறிப் பெயர்களை ஏற்றுக்கொள்கிறது.

தொடங்குவதற்கு முன்

கட்டளைச் சாளரத்தில் 'பைத்தான்' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியுடன் 'எம்' எழுத்தையும் அதன்பின் 'டிகேஇன்டர்' என்பதையும் கொடுத்தால் ஒரு சிறிய ஜன்னல் திறந்து, டிகேஇன்டருக்கு அடித்தளமான டிகே உங்கள் கணினியில் எந்தப் பதிப்பு என்ற எண்ணைக் காட்டும். உபுண்டுவில் அது திறக்கவில்லை என்றால் 'பைத்தான்3-டிகே' என்ற தொகுப்பைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். இப்போது பரவலாகப் புழக்கத்தில் இருப்பது 8.6 வரிசை; 2024இல் 9.0 வெளிவந்தது. இக்கட்டுரை 8.6ஐ வைத்தே பேசுகிறது.

விட்ஜெட்டுகளில் இரண்டு தலைமுறை உண்டு என்பதை இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிகே, 1990களின் தொடக்கத்தில் வெளிவந்தது. அந்தக் காலத்து விட்ஜெட்டுகள் நிறம், எழுத்துரு, விளிம்பு எல்லாவற்றையும் தாமே வைத்திருந்தன. பொத்தானை உருவாக்கும்போதே 'பிஜி' (பின்னணி) என்று நிறத்தைச் சொல்லிவிடலாம். 2007இல் வந்த 8.5 பதிப்பில் டிடிகே என்ற புதிய தொகுதி சேர்ந்தது. இதில் தோற்றத்தைத் தனியே பிரித்து, ஸ்டைல் என்ற பொருளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். டிடிகே பொத்தானுக்கு 'பிஜி' என்று நிறம் கொடுத்தால் 'அன்னோன் ஆப்ஷன்' (அறியாத அமைப்பு) என்ற பிழை வருவது இதனால்தான். இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகள் பல இந்த இரண்டையும் கலந்து எழுதப்பட்டிருப்பதால், படிப்பவர் எந்தத் தலைமுறை விட்ஜெட் பேசப்படுகிறது என்பதை முதல் வரியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் முழுக்க டிடிகேயிலேயே எழுதுவோம்.

எழுத்து முதலில்

நிறத்தை ஒத்திவைத்துவிட்டு எழுத்துருவில் தொடங்குமாறு சொல்வேன். கடையில் வெளிச்சம் குறைவு. கணக்குப்பிள்ளை திரையைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறார். பெயர்களும் பூவும் தமிழில் வரப்போகின்றன. விண்டோஸில் டிகேயின் இயல்பான அளவு 9 புள்ளி. அந்த அளவில் 'ண'வும் 'ன'வும் ஒன்றுபோலத் தெரியும்.

டிகேயில் பெயரிட்ட எழுத்துருக்கள் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. 'டிகே-டிஃபால்ட்-ஃபான்ட்' லேபிள்களுக்கும் பொத்தான்களுக்கும், 'டிகே-டெக்ஸ்ட்-ஃபான்ட்' உள்ளீட்டுப் பெட்டிகளுக்கும், 'டிகே-ஹெடிங்-ஃபான்ட்' அட்டவணைத் தலைப்புகளுக்கும் உரியவை. நிரலில் இவற்றை இடைக்கோடு இல்லாமல் சேர்த்து எழுத வேண்டும். ஜன்னலை உருவாக்கிய பிறகு, 'நேம்டுஃபான்ட்' என்ற செயற்கூறின் வழியாக இம்மூன்றையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் 'கான்ஃபிகர்' மூலம் குடும்பத்தை 'நிர்மலா யூஐ' என்றும் அளவை 13 என்றும் மாற்றுங்கள். அவற்றைப் பயன்படுத்தும் எல்லா விட்ஜெட்டுகளும் அந்தக் கணமே மாறிவிடும். ஒவ்வொரு லேபிளுக்கும் தனித்தனியே எழுத்துரு கொடுத்துக்கொண்டு போவது வீண் வேலை. பிறகு கடைக்காரர் இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்று கேட்கும்போது ஐம்பது இடங்களில் திருத்த நேரும்.

நிர்மலா எழுத்துரு விண்டோஸ் 8 முதல் உடன் வருகிறது. லதா அதைவிடப் பழையது, ஆனால் விண்டோஸ் 10 முதல் அது விருப்பத் தொகுப்பாகப் பிரிக்கப்பட்டுவிட்டதால் எல்லாக் கணினியிலும் இருக்கும் என்று நம்ப முடியாது. நீங்கள் கேட்ட எழுத்துரு இல்லையென்றால் டிகே எதுவும் சொல்லாமல் வேறொன்றைப் போட்டுவிடும் என்பதால், 'ஃபேமிலீஸ்' என்ற செயற்கூறு தரும் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது முறை. அச்சகங்களில் இன்னும் புழங்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை இங்கே கொண்டுவரவே கூடாது. அவற்றில் கண்ணுக்குத் தமிழ் தெரிந்தாலும் கோப்பில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள்தான். பின்னர் பெயரைத் தேடினால் கிடைக்காது.

லினக்ஸில் தமிழ் ஜன்னல் எழுத நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை இந்த இடத்திலேயே தேவை. டிகே 8.6, லினக்ஸில் எழுத்துகளை ஒன்றோடொன்று சேர்த்து வடிவமைக்கும் வேலையைச் செய்வதில்லை. எனவே 'கெ' என்று எழுதினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். எந்த ஸ்டைலாலும் இதைச் சரிசெய்ய முடியாது, ஏனெனில் இது ஸ்டைலின் பொறுப்பில் இல்லை. கடையில் இருப்பது லினக்ஸ் கணினி என்றால், இந்த வேலைக்குக் க்யூடி அல்லது ஜிடிகே டூல்கிட்டைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் இந்தச் சிக்கல் எழுவதில்லை, இயங்குதளமே தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது.

தீம் தேர்வு

அடுத்து 'ஸ்டைல்' பொருள் ஒன்றை உருவாக்கி, அதனிடம் 'தீம்_நேம்ஸ்' என்று கேளுங்கள். 'கிளாம்', 'ஆல்ட்', 'டிஃபால்ட்', 'கிளாசிக்' ஆகிய நான்கும் எங்கும் கிடைக்கும். விண்டோஸில் கூடுதலாக 'விஸ்டா', 'எக்ஸ்பிநேட்டிவ்', 'வின்நேட்டிவ்' என்பனவும், மேக்கில் 'அக்வா'வும் இருக்கும். விண்டோஸ் 11லும் இயல்பான தீமின் பெயர் 'விஸ்டா'தான்.

பச்சையாகாத பொத்தானின் கதை இங்கே தெளிவாகிறது. விஸ்டா தீமில் பொத்தானின் உடலை வரைவது விண்டோஸ். டிகே அதற்கு இடத்தை மட்டுமே ஒதுக்கிக் கொடுக்கிறது. நீங்கள் சொல்லும் பின்னணி நிறத்தை விண்டோஸ் கேட்டுக்கொள்வதே இல்லை. நிறம் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்றால், எல்லாவற்றையும் தானே வரையும் 'கிளாம்' தீமுக்கு மாற வேண்டும்: 'தீம்_யூஸ்' என்ற கட்டளைக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் போதும். இதற்கு ஒரு விலை உண்டு. ஜன்னல் மற்ற விண்டோஸ் நிரல்களைப் போலத் தோன்றாது. அலுவலகத்தில் பல நிரல்களோடு சேர்ந்து ஓடும் ஒன்றுக்கு அது குறையாகத் தெரியலாம். நாள் முழுதும் ஒரே ஜன்னல் திறந்திருக்கும் பூக்கடையில் அதை யாரும் பொருட்படுத்தப் போவதில்லை.

வரிசையைக் கவனியுங்கள். ஸ்டைலில் நீங்கள் செய்யும் அமைப்புகள் அந்த நேரத்தில் நடப்பில் உள்ள தீமில் மட்டுமே பதிவாகின்றன. எல்லாவற்றையும் அமைத்துவிட்டுக் கடைசியில் தீம் மாற்றினால் அமைத்தது அத்தனையும் பழைய தீமோடு போய்விடும். எனவே தீம் முதலில், ஸ்டைல் பிறகு.

ஸ்டைலும் நிலையும்

ஒவ்வொரு டிடிகே விட்ஜெட்டுக்கும் ஒரு ஸ்டைல் பெயர் உண்டு. பொத்தானுக்கு 'டிபட்டன்', லேபிளுக்கு 'டிலேபிள்', உள்ளீட்டுப் பெட்டிக்கு 'டிஎன்ட்ரி'. அட்டவணைக்கு மட்டும் முன்னால் 'டி' இல்லாமல் வெறும் 'ட்ரீவியூ' என்று பெயர். சந்தேகம் வந்தால் விட்ஜெட்டிடமே 'வின்ஃபோ_கிளாஸ்' என்று கேட்கலாம். இந்தப் பெயருக்கு 'கான்ஃபிகர்' செய்தால் அந்த வகை விட்ஜெட்டுகள் எல்லாம் மாறும். வெறும் புள்ளியைப் பெயராகக் கொடுத்தால் எல்லா வகைகளுக்கும் பொதுவான அமைப்பு மாறும்.

சேமிக்கும் பொத்தான் மட்டும் பச்சையாக இருக்க வேண்டும் என்றால், நீங்கள் விரும்பும் ஒரு பெயர், அதன்பின் புள்ளி, அதன்பின் மூலப் பெயர் என்று சேர்த்து ஒரு கிளை ஸ்டைலை உண்டாக்க வேண்டும்: 'சேமி.டிபட்டன்'. இதற்குப் பின்னணியாக 'டார்க் கிரீன்', எழுத்துக்கு 'ஒயிட்', உள்விளிம்புக்கு 12 என்று 'கான்ஃபிகர்' செய்து, பொத்தானை உருவாக்கும்போது 'ஸ்டைல்' என்ற ஆப்ஷனில் இந்தப் பெயரைக் கொடுங்கள். பொத்தான் பச்சையாகிவிடும். ஆனால் சுட்டியை அதன்மேல் கொண்டுபோனதும் வெளிர் சாம்பலாக மாறும். எழுத்து வெள்ளையாகவே நிற்பதால் படிக்கவும் முடியாது.

பலரும் குழம்பும் இடம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஸ்டைலில் இரண்டு ஏடுகள் இருக்கின்றன. 'கான்ஃபிகர்' எழுதுவது பொதுவான மதிப்புகளின் ஏட்டில். 'மேப்' எழுதுவது நிலைகளைப் பொறுத்த மதிப்புகளின் ஏட்டில்: சுட்டி மேலே இருந்தால் 'ஆக்டிவ்', அழுத்தப்பட்டிருந்தால் 'பிரஸ்டு', முடக்கப்பட்டிருந்தால் 'டிஸேபிள்டு', விசைப்பலகைக் கவனம் அதன்மேல் இருந்தால் 'ஃபோகஸ்'. டிகே ஒரு பண்பின் மதிப்பைத் தேடும்போது முதலில் விட்ஜெட்டுக்கே நேரடியாகக் கொடுக்கப்பட்டது ஏதேனும் உண்டா என்று பார்க்கிறது. இல்லையென்றால் 'மேப்' ஏட்டைக் கிளையிலிருந்து மூலம் வரை முழுவதும் பார்க்கிறது. அங்கும் கிடைக்காதபோதுதான் 'கான்ஃபிகர்' ஏட்டுக்கு வருகிறது. கிளாம் தீம் தன் 'டிபட்டன்' மூலத்தில் 'ஆக்டிவ்' நிலைக்கு ஒரு நிறத்தை ஏற்கெனவே 'மேப்' செய்து வைத்திருக்கிறது. எனவே உங்கள் கிளையின் 'கான்ஃபிகர்' அதன்முன் தோற்றுப்போகிறது. தீர்வு, உங்கள் கிளைக்கும் 'மேப்' எழுதுவதே. பின்னணிக்கு மூன்று இணைகளைக் கொண்ட பட்டியலைக் கொடுங்கள்: 'டிஸேபிள்டு' என்றால் சாம்பல், 'பிரஸ்டு' என்றால் கருமை கூடிய பச்சை, 'ஆக்டிவ்' என்றால் சற்று வெளிறிய பச்சை. பட்டியலில் முதலில் பொருந்துவதே செல்லும். பொத்தானை அழுத்தும்போது சுட்டியும் அதன்மேல்தான் இருக்கிறது என்பதால், 'ஆக்டிவ்' முன்னால் வந்துவிட்டால் 'பிரஸ்டு' நிறம் ஒருபோதும் தெரியாது.

எந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 'லுக்கப்' என்ற கட்டளைக்கு ஸ்டைல் பெயர், பண்பின் பெயர், நிலை ஆகியவற்றைக் கொடுத்தால் ஸ்டைலின்படி கிடைக்கும் மதிப்பைச் சொல்லிவிடும். பொத்தானை முடக்கவும் மீட்கவும் 'ஸ்டேட்' என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். மீட்கும்போது நிலையின் பெயருக்கு முன்னால் ஆச்சரியக்குறி சேர வேண்டும்.

'லேஅவுட்' என்ற கட்டளையும் இருக்கிறது. ஒரு விட்ஜெட் எந்தெந்தப் பாகங்களால் ஆனது என்று அது காட்டும், பாகங்களை அகற்றவும் விடும். கிளாம் பொத்தானைச் சுற்றிக் கவனத்தைக் காட்டும் புள்ளிக்கோடு அழகாக இல்லை என்று பலர் இதன்மூலம் அதை நீக்குகிறார்கள். நீக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையில் வேலை செய்பவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று சொல்வது அந்தக் கோடு ஒன்றுதான்.

ஸ்டைலுக்குக் கட்டுப்படாதவை

உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்துருவை ஸ்டைலில் மாற்றிப் பாருங்கள், எதுவும் நடக்காது. அந்தப் பண்பைப் பெட்டி தன்னிடமே வைத்திருக்கிறது. அதன் இயல்பான மதிப்பு நாம் ஏற்கெனவே மாற்றிய 'டிகே-டெக்ஸ்ட்-ஃபான்ட்'. பெட்டியின் உள்நிறம் ஸ்டைலில்தான் இருக்கிறது, ஆனால் அதன் பெயர் 'பேக்கிரவுண்ட்' அல்ல, 'ஃபீல்டுபேக்கிரவுண்ட்'. கவனம் இருக்கும் பெட்டி வெளிர் மஞ்சளாகத் தெரிய வேண்டும் என்றால், 'டிஎன்ட்ரி'க்கு இந்தப் பண்பை 'ஃபோகஸ்' நிலையில் 'லைட் யெல்லோ' என்று 'மேப்' செய்யுங்கள். எந்தக் கட்டத்தில் தட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

பூவைத் தேர்ந்தெடுக்கும் கீழ்விரி பெட்டியில் விரியும் பட்டியல் டிடிகே விட்ஜெட்டே அல்ல. அது பழைய தலைமுறை 'லிஸ்ட்பாக்ஸ்'. மேலே உள்ள பெட்டி பெரிய எழுத்திலும் விரியும் பட்டியல் சிறிய எழுத்திலும் வந்தால் அதுதான் காரணம். ஜன்னலின் 'ஆப்ஷன்_ஆட்' கட்டளைக்கு, நட்சத்திரக் குறி, 'டிகாம்போபாக்ஸ்', மீண்டும் நட்சத்திரக் குறி, 'லிஸ்ட்பாக்ஸ்', புள்ளி, 'ஃபான்ட்' என்று சேர்த்து எழுதிய பெயரையும் எழுத்துருவையும் கொடுத்தால் சரியாகும். கீழ்விரி பெட்டியை உருவாக்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

அன்றைய சீட்டுகளைக் காட்டும் அட்டவணையில் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று வரும். 8.6 பதிப்பில் வரிசையின் உயரம் இயல்பாக 20 பிக்சல்; எழுத்துருவைப் பெரிதாக்கினாலும் அது தானாக உயர்வதில்லை. 'கி', 'கூ' போன்ற எழுத்துகளின் மேல் சுழியும் கீழ் வளைவும் வெட்டுப்படும். எழுத்துருவிடம் 'மெட்ரிக்ஸ்' கட்டளையால் 'லைன்ஸ்பேஸ்' (ஒரு வரியின் உயரம்) அளவைக் கேட்டு, அதனுடன் 6 அல்லது 8 பிக்சல் கூட்டி, 'ட்ரீவியூ' ஸ்டைலில் 'ரோஹைட்' என்ற பண்புக்குக் கொடுங்கள். எண்ணை நேரடியாக எழுதிவிட்டால் எழுத்தளவை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றவேண்டி வரும்.

இன்னும் பணம் கொடுக்காத சீட்டுகளைத் தனி நிறத்தில் காட்ட, வரிசைகளுக்கு 'டேக்' பெயர் கொடுத்து 'டேக்_கான்ஃபிகர்' செய்தால் போதும். எல்லாம் சரியாக எழுதியும் நிறம் வரவில்லை என்றால் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 8.6.9இல் இந்த நிறங்கள் வேலை செய்யாத பிழை ஒன்று இருந்து, 8.6.10இல் திருத்தப்பட்டது.

நடத்தை: எந்த விசை யாரிடம் போகிறது

ஒரு கையில் சீட்டும் மறுகையில் விசைப்பலகையுமாக நிற்கும் கணக்குப்பிள்ளைக்குச் சுட்டி ஓர் இடையூறு. பெயர் தட்டி என்டர், பூ தேர்ந்து என்டர், எடை தட்டி என்டர், விலை தட்டி என்டர், சீட்டு சேமிக்கப்பட வேண்டும். கணக்கு மென்பொருள்களில் பழகியவர்கள் இதைத்தான் எதிர்பார்ப்பார்கள். டிகேயில் இயல்பாக நகர்வது டேப் விசையால் மட்டுமே. டிடிகே பொத்தான்கூட இடைவெளி விசைக்குத்தான் இயங்கும், என்டருக்கு அசையாது.

இதை மாற்றும் முன், ஒரு விசை அழுத்தம் எந்த வழியாகப் போகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். அது முதலில் அந்த விட்ஜெட்டுக்கும், பிறகு அந்த வகை விட்ஜெட்டுகளின் வகுப்புக்கும், பிறகு ஜன்னலுக்கும், கடைசியாக 'ஆல்' என்ற பொதுப் பெயருக்கும் வரிசையாகக் காட்டப்படுகிறது. எந்தப் படியிலாவது ஒரு செயற்கூறு 'பிரேக்' என்ற சொல்லைத் திருப்பினால் நிகழ்வு அங்கேயே நின்றுவிடும். ஒரு பெட்டிக்கு மட்டும் வேண்டியதை 'பைண்ட்' மூலமும், எல்லாப் பெட்டிகளுக்கும் வேண்டியதை 'பைண்ட்_கிளாஸ்' மூலமும், ஜன்னலில் எங்கிருந்தாலும் வேண்டியதை ஜன்னலின் 'பைண்ட்' மூலமும் கட்ட வேண்டும். சேமிக்க எஃப்2 விசை வேண்டும் என்றால் அது ஜன்னலுக்கு உரியது.

என்டருக்கு ஒரு செயற்கூறு எழுதுங்கள். அது நிகழ்விலிருந்து விட்ஜெட்டை எடுத்து, 'டிகே_ஃபோகஸ்நெக்ஸ்ட்' மூலம் அடுத்த விட்ஜெட்டைக் கேட்டு, அதற்கு 'ஃபோகஸ்_செட்' செய்ய வேண்டும். டேப் விசையால் ஒரு பெட்டிக்குள் போகும்போது உள்ளிருக்கும் எழுத்து முழுதும் தேர்வாகிவிடும், ஆனால் 'ஃபோகஸ்_செட்' அதைச் செய்யாது. எனவே அடுத்தது உள்ளீட்டுப் பெட்டியாக இருந்தால் 'செலக்ட்_ரேஞ்ச்' கட்டளையால் 0 முதல் 'எண்ட்' வரை தேர்ந்துவிடுங்கள். அப்போதுதான் பழைய விலையின்மேல் புதிய விலையை நேரடியாகத் தட்ட முடியும். இதை 'டிஎன்ட்ரி', 'டிகாம்போபாக்ஸ்' என்ற இரு வகுப்புகளுக்கும் கோணக்குறிகளுக்குள் எழுதிய 'ரிட்டர்ன்' என்ற நிகழ்வில் கட்டுங்கள். 'டிபட்டன்' வகுப்புக்கு அதே நிகழ்வில் பொத்தானை அழுத்தியதுபோல இயக்கும் 'இன்வோக்' கட்டளையை அழைக்கும் செயற்கூறு போதும். எண் விசைப்பகுதியில் உள்ள என்டர் லினக்ஸில் தனிப் பெயர் கொண்டது என்பதால் அங்கே 'கேபி_என்டர்' என்பதையும் கட்ட வேண்டும். விண்டோஸில் இரண்டும் ஒன்றே.

அடுத்த விட்ஜெட் எது என்பது நீங்கள் அவற்றை உருவாக்கிய வரிசையைப் பொறுத்தது, திரையில் வைத்த இடத்தைப் பொறுத்தது அல்ல. திரையில் மேலிருந்து கீழாக எப்படித் தெரிய வேண்டுமோ அப்படியே உருவாக்குங்கள். அழிக்கும் பொத்தான் போல, வழியில் நிற்கக் கூடாதவற்றுக்கு 'டேக்ஃபோகஸ்' என்ற ஆப்ஷனைப் பொய்யாக்கிவிடலாம்.

விலைப் பெட்டியை ஒவ்வொரு சீட்டுக்கும் காலியாக்க வேண்டாம் என்றும் பரிந்துரைப்பேன். ஒரே காலையில் மல்லிகை விலை பலமுறை மாறும் என்றாலும் அடுத்தடுத்த சில சீட்டுகளுக்கு அதே விலைதான் இருக்கும். முந்தைய விலை தேர்வான நிலையில் நின்றால் மாறாதபோது என்டர், மாறியபோது புதிய எண் என்று இரண்டுக்கும் வசதி. ஆனால் முந்தைய நாளின் விலை அங்கே நிற்கவே கூடாது. முகூர்த்த நாள் வந்தால் விலை எங்கோ போய்விடும், அவசரத்தில் பழைய விலைக்குச் சீட்டு எழுதிவிட நேரும்.

எடைப் பெட்டி

எடையில் எண் மட்டுமே வர வேண்டும். பெட்டியின் 'வாலிடேட்' ஆப்ஷனுக்கு 'கீ' என்றும், 'வாலிடேட்கமாண்ட்' ஆப்ஷனுக்கு இரண்டு உறுப்புகள் கொண்ட ஓர் அடுக்கையும் (டியூப்பிள்) கொடுக்க வேண்டும். முதல் உறுப்பு, ஜன்னலின் 'ரிஜிஸ்டர்' கட்டளையில் பதிந்த உங்கள் செயற்கூறு. இரண்டாவது, சதவீதக் குறியும் பெரிய 'பி' எழுத்தும் சேர்ந்த சரம். இந்த விசை ஏற்கப்பட்டால் பெட்டியில் என்ன இருக்குமோ அதை டிகே செயற்கூறுக்குத் தரும். செயற்கூறு உண்மை அல்லது பொய் இரண்டில் ஒன்றைக் கட்டாயம் திருப்ப வேண்டும்.

செயற்கூறுக்குள் 'ஃப்ளோட்' (தசம எண்) ஆக மாற்றிப் பார்த்து, பிழை வந்தால் பொய் என்று திருப்புவது எளிய வழி. இரண்டு விதிவிலக்குகளை மறக்கக் கூடாது. வெற்றுச் சரத்தை ஏற்காவிட்டால் கடைசி இலக்கத்தை அழிக்கவே முடியாது. தனிப் புள்ளியை ஏற்காவிட்டால், அரைக் கிலோவுக்குப் புள்ளியில் தொடங்கித் தட்டுபவர் முதல் விசையிலேயே நின்றுவிடுவார். பைத்தானின் 'ஃப்ளோட்' தமிழ் எண்களையும் புரிந்துகொள்கிறது. ௧௨ என்று தட்டினாலும் 12 ஆகிவிடும். மண்டியில் யாரும் அப்படித் தட்டப்போவதில்லை, இருந்தாலும் தெரிந்து மகிழலாம்.

விசைக்கு விசை தடுப்பதைவிட, பெட்டியை விட்டு வெளியேறும்போது சரிபார்ப்பது சில இடங்களில் நல்லது. 'வாலிடேட்' ஆப்ஷனை 'ஃபோகஸ்அவுட்' என்று வைத்தால், சோதனையில் தோற்ற பெட்டிக்கு டிகே தானாகவே 'இன்வாலிட்' நிலையைக் கொடுக்கும். முன்பு எழுதிய 'மேப்' பட்டியலில் 'ஃபோகஸ்' இணைக்கு முன்னால் 'இன்வாலிட்' என்றால் 'மிஸ்டி ரோஸ்' (வெளிர் சிவப்பு) என்று ஓர் இணையைச் சேர்த்துவிட்டால், தவறான பெட்டி தானாகச் சிவந்து நிற்கும். செய்திப் பெட்டி எழுப்பி வேலையை நிறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

சக்கரமும் வேறு சில கண்ணிகளும்

கீழ்விரி பெட்டியின்மேல் சுட்டியை வைத்துச் சக்கரத்தை உருட்டினால், பட்டியலை விரிக்காமலேயே தேர்வு மாறிவிடும். மல்லிகை என்று தேர்ந்தது கண்ணுக்குத் தெரியாமல் அரளியாகிவிட்டால் அந்தச் சீட்டின் கணக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வகுப்பு நிலையில் இருக்கும் இந்த நடத்தை வேண்டாம் என்றால், அதற்கு முந்தைய படியான விட்ஜெட்டில், 'மவுஸ்வீல்' நிகழ்வுக்கு 'பிரேக்' மட்டும் திருப்பும் செயற்கூறைக் கட்டுங்கள். அத்துடன் பெட்டியின் நிலையை 'ரீட்ஒன்லி' ஆக்கிவிட்டால் பட்டியலில் இல்லாத பூவின் பெயரை யாரும் தட்டவும் முடியாது.

பொத்தானின் 'கமாண்ட்' ஆப்ஷனில் செயற்கூறின் பெயரை அடைப்புக்குறி இல்லாமல் கொடுக்க வேண்டும். அடைப்புக்குறி போட்டால் ஜன்னல் திறக்கும்போதே அது ஒருமுறை ஓடிவிட்டு, பிறகு அழுத்தினால் எதுவும் நடக்காது. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு விரைவுப் பொத்தானைச் சுழற்சியில் உருவாக்கும்போது, 'லாம்ப்டா'வுக்குள் (பெயரில்லாத சிறு செயற்கூறு) சுழற்சி மாறியை அப்படியே எழுதினால் எல்லாப் பொத்தான்களும் கடைசிப் பூவையே தேர்ந்தெடுக்கும். அந்த மாறியை 'லாம்ப்டா'வின் இயல்பு மதிப்பாகக் கொடுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தன் பூவை நினைவில் வைத்துக்கொள்ளும். 'சேமிக்கப்பட்டது' என்று இரண்டு விநாடி காட்டி மறைக்க 'ஆஃப்டர்' கட்டளைக்கு 2000 என்று கொடுங்கள். 'ஸ்லீப்' பயன்படுத்தினால் அந்த இரண்டு விநாடியும் ஜன்னல் உறைந்து கிடக்கும். கடையின் சின்னத்தைப் படமாக வைப்பவர்கள் பிஎன்ஜி கோப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும், 'ஃபோட்டோஇமேஜ்' ஜேபெக்கைத் திறக்காது. படத்தை ஒரு நிலையான மாறியில் பிடித்து வைக்காவிட்டால் பைத்தான் அதை நினைவகத்திலிருந்து அகற்றிவிடும், திரையில் வெற்றிடம்தான் மிஞ்சும்.

சேர்த்துக் கட்டுதல்

இதுவரை செய்தவை நிரல் முழுதும் சிதறிக் கிடந்தால் அடுத்த மாதம் உங்களுக்கே புரியாது. தோற்றம் தொடர்பான அனைத்தையும், அதாவது எழுத்துரு, தீம், 'கான்ஃபிகர்', 'மேப்', 'ஆப்ஷன்_ஆட்' எல்லாவற்றையும், இதே வரிசையில் ஒரே செயற்கூறில் வைத்து, ஜன்னலை உருவாக்கியதும் அதை அழைத்துவிடுங்கள். நடத்தையை வகுப்புகளில் வையுங்கள். டிடிகே 'என்ட்ரி'யிலிருந்து கிளைக்கும் 'எண்பெட்டி' என்ற வகுப்பை எழுதி, சரிபார்ப்பை அதன் தொடக்கத்திலேயே அமைத்து, மதிப்பை எண்ணாகத் தரும் ஒரு செயற்கூறையும் சேர்த்துவிட்டால், எடைக்கும் விலைக்கும் கமிஷன் சதவீதத்துக்கும் அதையே பயன்படுத்தலாம். ஜன்னலை மூடும்போது பாதியில் நிற்கும் சீட்டு தொலையாமல் இருக்க, 'புரோட்டோகால்' கட்டளையில் மூடும் நிகழ்வுக்கு ஒரு கேள்வியைக் கட்டிவையுங்கள்.

கடைக் கணினியில் முதல்முறை ஓட்டும்போது எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால், அந்த விண்டோஸில் திரை அளவு 125 அல்லது 150 சதவீதமாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஜன்னலை உருவாக்குவதற்கு முன், 'சிடைப்ஸ்' தொகுதியின் வழியாக விண்டோஸின் 'எஸ்ஹெச்கோர்' நூலகத்தில் உள்ள 'செட்-பிராசஸ்-டிபிஐ-அவேர்னஸ்' என்பதை 1 என்ற மதிப்புடன் அழைத்தால் எழுத்து தெளிவாகும். இந்தப் பெயரையும் இடைக்கோடின்றிச் சேர்த்து எழுத வேண்டும். அதன்பின் புள்ளிக் கணக்கில் கொடுத்த எழுத்து பெரிதாகும், பிக்சல் கணக்கில் கொடுத்த உள்விளிம்பும் அட்டவணைப் பத்திகளின் அகலமும் அப்படியே நிற்கும். ஆகவே பத்தி அகலங்களையும் எழுத்துருவின் 'மெஷர்' கட்டளையால் அளந்தே வையுங்கள். அளப்பதற்கு 'கனகாம்பரம்' போன்ற நீளமான பெயர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.